மாற்றாமல் விட்ட பந்தி

சுங்கத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். யாராவது ஒரு பொருளைச் சும்மா தருகிறேன் என்றால், முதலில் பெட்டியின் அடித்தட்டைத் தட்டிப் பார்ப்பேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பார்க்காமல் விட்டிருந்தால் அந்த உத்தியோகத்தில் நான் ஒரு கிழமைகூட நின்றிருக்க முடியாது. அருந்ததியைப் பற்றி எழுத உட்காரும்போது இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அவளை நான் வெகுகாலம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் ஃப்ளாட்ஸ். ஆறு மாடி, பதினெட்டு வீடு, மனம் வைத்தால் ஓடுகிற ஒரு லிஃப்ட். நான் மூன்றாம் மாடி, அருந்ததி நான்காம் மாடி. ஃப்ளாட்ஸ் கொமிட்டிக்கு நான்தான் செயலாளர். யார் எங்கே கார் விடுவது, தண்ணீர்த் தாங்கியை எப்போது கழுவுவது, கீழே உள்ள ஹோலை யாருக்குக் கொடுப்பது எல்லாம் என் கையில். அந்த ஹோலில் பிறந்தநாளும் நடக்கும், கலியாண எழுத்தும் நடக்கும், முப்பத்தோராம் நாள் சாப்பாடும் நடக்கும்.

அருந்ததிக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. கலியாணம் கட்டவில்லை. படுக்கையில் விழுந்த தகப்பனை ஒன்பது வருடம் பார்த்து அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு அங்கேயே ஓர் அச்சகத்தில் சேர்ந்து, இருபது வருடம் கணினியில் எழுத்துக் கோத்தாள். கலியாண அட்டை, பரீட்சை வழிகாட்டி, எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கல்வெட்டு. எங்கள் ஆட்களின் கல்வெட்டு கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் போய் முப்பத்தோராம் நாள், அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் போட்டு அச்சடித்து, சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம் அது.

கொழும்பில் கண்மூடிய யாழ்ப்பாணத்தாரில் பாதிப் பேரின் வாழ்க்கை அருந்ததியின் விரல்களுக்கூடாகப் போயிருக்கும். எந்த வீட்டில் எந்த மகனின் பெயரை விடச் சொன்னார்கள், எந்த மருமகளின் பெயரைக் கடைசி நிமிடத்தில் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். என் மனைவி சுபோதினி ஒருநாள் அவள் வாயைக் கிண்டிப் பார்த்திருக்கிறாள்.

"அடிக்கிறதை அங்கயே விட்டிட்டு வந்திடவேணும் அக்கா. வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது" என்றாளாம்.

சுபோதினிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அதை என்னிடம் வந்து மெச்சிக்கொண்டு சொன்னாள். எனக்கு அது கள்ளச்சாமான் கொண்டு வருகிறவர்கள் பேசும் பேச்சுப்போலப் பட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் பெட்டியைத் தானே திறந்து காட்டுவான் என்பது என் கொள்கை.

அச்சகத்தில் ஓடிய மென்பொருளெல்லாம் களவாகப் பிரதி பண்ணிய சீடியில் வந்தவை. கொழும்பில் யார் வீட்டில்தான் வேறு மாதிரி? ஒரு திங்கட்கிழமை காலை கணினிகளைத் திறந்தால் பதினொரு வருடக் கோப்புகள் முழுவதும் பூட்டிக் கிடந்தன. களவுச் சீடியோடு கூட வந்த ஏதோ ஒன்று பூட்டிவிட்டது. அடுத்த மாதம் ஹெந்தளையிலிருந்து ஒரு தாய் வந்தாளாம். தன் மகனின் கல்வெட்டுப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது, திரும்ப ஒன்று அடித்துத் தரவேண்டும் என்று. பையனின் படங்களாக மிஞ்சியிருந்தவையும் அந்தப் புத்தகத்தில் இருந்தவைதான். கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த மனிசி பஸ்ஸுக்குத் திரும்பி நடந்ததைப் பார்த்த அன்றுதான் அருந்ததிக்குப் புத்தி மாறியது. களவெடுத்த பூட்டுக்குத் திறப்பு கள்ளனிடம்தான் இருக்கும் என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

வேலையை விட்டு, வீட்டிலிருந்தே அச்சு வேலை எடுத்துச் செய்யத் தொடங்கினாள். அப்போதுதான் இந்தக் கட்டற்ற மென்பொருள் என்ற கூட்டத்தோடு சேர்ந்தாள். யாரும் எடுக்கலாம், பிரதி பண்ணி அடுத்தவருக்குக் கொடுக்கலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்கலாம், பிழை என்றால் திருத்தலாம். களவும் இல்லை, பூட்டும் இல்லை. இதை அவள் லிஃப்டுக்குள் எனக்கு விளங்கப்படுத்தப் பார்த்தாள். இரண்டாம் மாடியில் கேட்கத் தொடங்கி மூன்றாம் மாடியில் இறங்கிவிட்டேன்.

அவளோடு இன்னும் இரண்டு பேர். நிம்றா, பக்கத்து ஒழுங்கையில் இருந்த கணினி ரீச்சர். வகுப்பில் பேசுகிற குரலிலேயே வீட்டிலும் பேசுகிறவள். மற்றது ஹியூபேட். கொச்சிக்கடையில் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் வேலை, மிச்ச நேரத்தில் மற்றவர்கள் வீசுகிற லப்டொப்புகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் பொழுதுபோக்கு. மூன்று பேரும் ஞாயிறுகளில் அவள் வீட்டில் கூடினார்கள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கேட்கும். நான் முறைப்பாடு எழுத வேண்டும் என்பேன். சுபோதினி பருத்தித்துறை வடையை ஒரு டப்பாவில் போட்டு மேலே அனுப்புவாள்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு, ஊராருக்கு இதைக் காட்டவென்று ஒரு நாள் நடத்த வேண்டும், ஹோலைத் தாருங்கள் என்று அருந்ததி வந்து கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். கண்டவர்களும் வருவார்கள், மின்சாரம் இழுக்கும், நிலம் ஊத்தையாகும் என்று எட்டுக் காரணம் சொன்னேன். சுபோதினி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் வரிசையை அடக்கியவள். அவள் குரலை உயர்த்துவது கிடையாது.

"ஹோல் உமக்கு, பிள்ளை. இவர் சாவியைத் தருவார்" என்றாள்.

அதற்கு மேல் மேன்முறையீடு இல்லை.

ஓகஸ்டில் சுபோதினி போய்விட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நெஞ்சு. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பது வருடம் என்னைச் சகித்த ஒரே ஆள். அதற்கு மேல் அதை எனக்கு இங்கே எழுத வரவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு அருந்ததி வந்தாள். நிகழ்ச்சியை வேறு இடத்தில் வைக்கிறோம் என்றாள். சுபோதினி சொன்னது சொன்னதுதான், இங்கேயே நடத்து என்று நான் சொன்னேன். அது பெருந்தன்மை இல்லை. சுபோதினி கடைசியாகத் தந்த உத்தரவுகளில் ஒன்று அது, மீற எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கல்வெட்டைத் தான் செய்து தருவதாகவும் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அச்சகங்கள் வைத்திருக்கும் அளவெடுத்துத் தைத்த கண்ணீர் எனக்குத் தேவையில்லை. என் மனைவியைப் பற்றி நானே எழுதுவேன் என்று வீம்பு. என் லப்டொப்பில் கந்தோர்க் காலத்தில் போட்ட பாமினி எழுத்துரு இருந்தது. எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த விசை என்று ஓர் அட்டையைச் சுவரில் ஒட்டிவைத்து, காலையிலும் பின்னேரத்திலும் ஒற்றை விரலால் தட்டினேன். இருபது நாளில் பன்னிரண்டு பக்கம். சுபோதினி என்ற பெயரை எத்தனை தரம் தட்டினேனோ தெரியாது, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அட்டையைப் பார்க்கத் தேவையில்லாமல் விரல் பழகிவிட்டது. இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கடைசியில், நன்றி நவிலலுக்குக் கீழே, இரண்டு வரி இடம் விட்டு ஒரு பந்தி எழுதியிருந்தேன். அது அச்சுக்கு அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதினேன். அச்சகத்துக்கு அனுப்பும் முன் அழித்துவிடலாம் என்று எண்ணம்.

நிகழ்ச்சி நாள் வந்தது. இருபத்தேழாம் நாள். வியாழக்கிழமை முப்பத்தொன்று; திங்கள் காலை கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்காவிட்டால் புத்தகம் வராது. காலை பத்து மணிக்கு அறிவித்தல் பலகைக்கு முன்னால் ஒரே சனம். அதற்கும் காரணம் நான்தான். 'கட்டற்ற மென்பொருள் நாள்' என்று அருந்ததி எழுதித் தந்ததை, யாருக்கும் விளங்காது என்று 'இலவசக் கணினி நாள்' என்று மாற்றி ஒட்டியிருந்தேன். இலவசமாக லப்டொப் கொடுக்கிறார்கள் என்று தெகிவளையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நிம்றா வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சமாளித்து, வந்ததுதான் வந்தீர்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பாருங்கள் என்று உள்ளே அனுப்பினாள். என்னை அவள் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல இருந்தேன்.

ஹோலில் மூன்று மேசை. ஒன்றில் ஓடவிட்டுக் காட்டுகிற கணினிகள், ஒன்றில் போனில் தமிழ் தட்டப் பழக்குகிற நிம்றா, ஒன்றில் சனங்கள் கொண்டுவந்த லப்டொப்புகளோடு ஹியூபேட். வீட்டிலிருந்து வந்தவற்றுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அருந்ததி சாம்பல் நிறச் சேலையில், மைக் இல்லாமல், ஹெந்தளைத் தாயின் கதையைச் சொன்னாள். பேச்சாளி இல்லை. சொல்லைத் தேடித் தேடித்தான் எடுத்தாள். ஆனால் ஹோல் அமைதியாகக் கேட்டது. நான் வாசலில் ஒரு மேசை போட்டு, நிலம் ஊத்தையாகிறதா என்று பார்த்தபடி, கல்வெட்டில் கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். லப்டொப் நின்றுவிட்டது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அணைத்து மூட்டினேன், திரும்பவும் அதே நீலம். வழக்கமாகத் திருத்துகிற கடை ஞாயிறு பூட்டு. கடைசியில் வெட்கத்தை விட்டு லப்டொப்பைக் கொண்டுபோய் ஹியூபேட்டின் மேசையில் வைத்தேன்.

அவன் பார்த்துவிட்டு, விண்டோஸ்தான் செத்துப்போச்சு, கோப்புகள் உயிரோடுதான் இருக்கும் என்றான். செத்த கணினியிலிருந்து கோப்பை எப்படி மீட்பது என்று காட்ட ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருந்தானாம், இதைச் சுவரில் பெரிதாகக் காட்டட்டுமா என்று கேட்டான். என்ன செய்தாலும் செய், எனக்குக் கல்வெட்டு வேண்டும் என்றேன். ஒரு பென் ட்ரைவைச் செருகி, அதற்குள் இருந்த வேறு ஒன்றை ஓடவைத்து, என் கோப்புகளைத் தேடி எடுத்தான். சனம் சுற்றி நின்று பார்த்தது. 'கல்வெட்டு' என்ற கோப்பைத் தட்டினான்.

சுவர் முழுக்க ஆங்கில எழுத்து. அரைப்புள்ளியும், சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் தாறுமாறாகக் கலந்த குப்பை. பன்னிரண்டு பக்கமும் அப்படியே. ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

இருபது நாள் ஒற்றை விரலால் தட்டியது கண்முன்னே போயிற்று என்று நினைத்தேன். அவளைப் பற்றி நான் எழுதிய எல்லாம் போயிற்று. சுடலையில்கூடச் சத்தம் போடாத நான் அந்த ஹோலில் கத்தினேன். கள்ளச் சாமான், சும்மா வருகிற சாமான், என் மனிசியை அழித்துவிட்டீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். ஹியூபேட்டின் முகம் செத்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் லப்டொப்பைத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு மாத ஆயத்தம் இரண்டு நிமிடத்தில் கரைந்துகொண்டிருந்தது.

அருந்ததி வந்து சுவரைப் பார்த்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது அவளுக்கு. ஒன்றும் அழியவில்லை என்றாள். பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பின்னால் இருப்பது ஓர் ஆங்கில விசை. எழுத்துரு இருந்தால் தமிழ் முகம் தெரியும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் விசைதான் தெரியும். வேறு எல்லாத் தமிழ் எழுத்துருவையும் கொண்டுவந்த அவர்கள் பாமினியைக் கொண்டுவரவில்லை. பழைய முறை இனி வேண்டாம் என்று அதை முதலில் விலக்கியதே தான்தான், பிழை தன்னுடையது என்றாள். ஹியூபேட் அதைப் போனில் இறக்கத் தொடங்கினான். ஹோலுக்குள் சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் விடவில்லை. சுங்கத்தில் இப்படி எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன்!

"அழியேல்லையெண்டால் வாசிச்சுக் காட்டும்" என்றேன். "ஒரு எழுத்து விடாமல் வாசியும். எல்லாரும் கேக்கட்டும்."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சுவரருகே போய், ஒரு சொல்லில் விரலை வைத்தாள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இது 'அம்மா' என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் முதல் வரிக்குப் போய் வாசிக்கத் தொடங்கினாள்.

தடங்கவில்லை. அந்தக் குப்பையைப் பார்த்தபடி, பேப்பர் வாசிப்பதுபோல வாசித்தாள். இருபது வருடம் அந்த விசைகளிலேயே வாழ்ந்தவள். சுபோதினி பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தபால் கந்தோரில் முத்திரை கிழிக்கும்போது ஓரம் பிசகாமல் கிழிக்கிற கை. வாசலில் மீன்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசி வென்று, கடைசியில் அவனுக்கே தேத்தண்ணி கொடுத்து அனுப்புவது. லிஃப்ட் நின்ற நாளில் ஆறாம் மாடிக் கர்ப்பிணிக்காக இடியப்பத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறியது. நான் எழுதியதுதான், ஆனாலும் இன்னொருவர் வாயில் கேட்டபோது சுபோதினி ஹோலுக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது. ஆறாம் மாடிப் பெண் பிள்ளையோடு வந்திருந்தாள், விம்மி அழுதாள். லப்டொப்பைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

எட்டு, ஒன்பது, பத்தாம் பக்கம். மகள் நோர்வேயிலிருந்து எழுதியது. பிறகு நன்றி நவிலல். பூவும் பந்தலும் தந்தவர்கள், சவப்பெட்டி தூக்கியவர்கள். அந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கடைசிப் பந்தி நினைவுக்கு வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு எழுத்து விடாமல் வாசி என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் நான். நிறுத்து என்று இனி எப்படிச் சொல்வது? ஹியூபேட் பக்கத்தைக் கீழே இழுத்தான். நன்றி நவிலல் முடிந்து, இரண்டு வரி வெறுமையாகக் கிடந்து, அதற்குக் கீழே அந்தப் பந்தி ஆளுயரத்துக்குச் சுவரில் நின்றது.

அதில் இருந்தது இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் இதே ஹோலில் கொமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன். கார் நிறுத்துகிற விசயத்தில் இரண்டாம் மாடிக்காரரோடு சண்டை. போன் அடித்தது. சுபோதினி. அழைப்பை வெட்டினேன். திரும்ப இரண்டு தரம் அடித்தது, அதற்குள் போனின் சத்தத்தை நிறுத்தியிருந்தேன். சண்டையில் வென்று, மூன்று மாடி ஏறிப் போனபோது அவள் குசினி நிலத்தில் கிடந்தாள், கையில் போன். இதை நான் மகளுக்கும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறேழு பேர் இப்போதும் அந்த ஹோலில் நின்றார்கள்.

அருந்ததியின் கண் அந்தப் பந்தியில் போனது. முதல் வரி, இரண்டாவது வரி. வாய் திறக்கவில்லை. அவள் வாசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை இறுகியது. அந்த நேரம் பார்த்து ஹியூபேட் நிமிர்ந்தான்.

"கிடைச்சிட்டு அக்கா. போடவா? எல்லாருக்கும் தமிழிலயே தெரியும்."

"வேண்டாம் ஹியூபேட்" என்றாள். "சுவரில காட்டினது காணும். வயரைக் கழட்டு."

அவன் கழற்றினான். சுவர் வெறுஞ்சுவராயிற்று. அருந்ததி சனத்தின் பக்கம் திரும்பி, அவ்வளவுதான், நன்றி நவிலலோடு முடிகிறது, ஒரு எழுத்தும் அழியவில்லை என்று சொன்னாள். அவளுடைய குரல் கொஞ்சமும் மாறவில்லை.

சனம் லப்டொப்புகளைத் திரும்ப மேசையில் வைத்தது. அன்று பத்தொன்பது கணினி மாற்றிக் கொடுத்தார்கள் என்று நிம்றா பிறகு பெருமையாகச் சொன்னாள். நான் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். காவற்காரன் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அது ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு, ஹோலைக் கூட்டிக் கழுவி, சாவியோடும் என் லப்டொப்போடும் அருந்ததி மூன்றாம் மாடிக்கு வந்தாள். லப்டொப்பில் புது முறை போட்டிருக்கிறது, கல்வெட்டு முழுவதையும் இக்கால எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன், இனி எந்தக் கணினியிலும் போனிலும் திறக்கும், மகளுக்கும் அனுப்பலாம் என்றாள். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வந்தது வேறு.

"கடைசிப் பந்தி..." என்றேன்.

"எந்தப் பந்தி அண்ணை?" என்றாள். "கீழ ஏதோ கிடந்தது. எனக்கு இப்ப பாமினி பழக்கம் விட்டுப் போச்சு. விளங்கேல்லை."

பன்னிரண்டு பக்கத்தைத் தடக்காமல் வாசித்தவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். முப்பத்தொரு வருடம் எத்தனையோ பொய்யைப் பிடித்தவன், இதைப் பிடிக்க விரும்பவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். சுபோதினி இருந்திருந்தால் வடை ஏதாவது கொடுத்து அனுப்பியிருப்பாள். வீட்டில் பிஸ்கட்தான் இருந்தது, அதைக் கொடுத்தேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே படியேறிப் போனாள்.

திங்கள் காலை அச்சகத்துக்கு அனுப்ப லப்டொப்பைத் திறந்தேன். இரண்டு கோப்பு இருந்தது. ஒன்றின் பெயர் 'கல்வெட்டு'. தமிழில், நன்றி நவிலலோடு, துப்புரவாக முடிந்தது. மற்றதுக்கு என் பெயர், 'யோகநாதன் அண்ணை'. திறந்தேன். அந்தப் பந்தி மட்டும். அதை அவள் மாற்றவில்லை. அழிக்கவும் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக, பழையபடியே விட்டிருந்தாள். எதையும் யாரும் திறந்து பார்க்கலாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், இதை ஒருவரும் திறக்க முடியாதபடி என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தாள்.

வியாழக்கிழமை அதே ஹோலில் சாப்பாடு. வந்த எல்லோர் கையிலும் கல்வெட்டு. அருந்ததி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள். போகும்போது ஒரு புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள், அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு செப்ரெம்பரும் நிகழ்ச்சி நடக்கிறது. அறிவித்தலில் 'கட்டற்ற' என்றே எழுதி ஒட்டுகிறேன், யாருக்காவது விளங்காவிட்டால் நானே நின்று விளங்கப்படுத்துகிறேன். என்னோடு லிஃப்டில் ஏறினால் ஆறாம் மாடிவரை விடுவதில்லை என்று ஆட்கள் குறைப்படுவதாகக் கேள்வி. அவர்களின் பென் ட்ரைவில் இப்போது பாமினியும் இருக்கிறது. போட்டுவிடட்டா அண்ணை என்று ஹியூபேட் ஒவ்வொரு வருடமும் கேட்பான். வேண்டாம் என்பேன். அருந்ததி அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகளுக்குச் சொல்லிவிட்டேன், சென்ற வருடம். அவள் அழுதாள், திட்டவில்லை. ஆனாலும் திதி அன்று காலையில் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிற வழக்கத்தை நான் விடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மனப்பாடம், வாசிக்கத்தான் தெரியாது. எழுத்துகள் வரிவரியாகக் கிடக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் என் கண் உடனே பிடித்துவிடும். பெரிய ஆர், பெரிய என், ஜி, எச், ஜே, பி, டி, பி. அந்த எழுத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அவளுடைய பெயர் ஒன்றுதான்.